சீட்டின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி

டாக்டர் அம்ரீன் வெள்ளைமுனையை விட்டுப் போனது 2022 செப்டம்பர் பதினான்காம் தேதி, புதன்கிழமை. தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வராந்தாவில் முப்பது பிள்ளைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அழுதுகொண்டிருந்ததால், விடைபெற வந்த டாக்டர் சொன்னதில் பாதி நஸீராவின் காதில் விழவில்லை. விழுந்த பாதியை அவள் பிற்பாடு பல தடவை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

“எல்லாம் எழுதிக் குடுத்துட்டுத்தான் போறேன் லாத்தா. நம்ம பொம்பளைகள யாரும் அலைய விடமாட்டாங்க.”

வாசலில் கார் நின்றது. டாக்டரின் வாப்பா ஹமீது சுல்தான் முன்சீட்டில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரின் தலையில் நீலக் கயிறு போட்டுக் கட்டிய இரண்டு பெட்டிகள். மதுரை போய், அங்கிருந்து துபாய், அங்கிருந்து இங்கிலாந்து. நஸீரா முந்தின நாள் முழுக்க அடுப்படியில் நின்று கிண்டிய தொதல் அல்வாவை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். பெட்டியில் இனி ஒரு பிடி எடைகூட ஏறாது என்று ஹமீது சுல்தான் சொல்லிவிட, டப்பா முன்சீட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்த வாரம் அது கழுவித் துடைத்து வெறும் டப்பாவாகத் திரும்பி வந்தது. அதற்காக நஸீரா வருத்தப்படவில்லை. வெள்ளைமுனையிலிருந்து டாக்டருக்குப் படித்த முதல் பெண் அவர், நஸீராவை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுகிறவர். யார் தின்றால் என்ன, அந்த வீட்டுக்குத்தானே போனது.

நஸீரா அங்கே சீட்டுப் போடுகிறவள். காலை ஏழரைக்கு வந்து கூட்டிப் பெருக்கி, குடிதண்ணீர் பிடித்து வைத்து, எட்டு மணிக்கு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால், பன்னிரண்டரை வரைக்கும் பேர், வயது, ஊர், தெரு எழுதிச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பாள். படிப்பு ஒன்பதாவது வரை. கணவன் ஹசன் அலி சவூதியில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிற விருந்தாளி. பதினோரு வருஷம் அந்த ஜன்னலில் உட்கார்ந்ததில் எழுநூறு குடும்பத்தின் வயிறும் மூட்டும் அவளுக்கு மனப்பாடம். வரிசையில் நாலாவதாக நிற்கிறவர் இருமினாலே அவர் பேரை எழுதி வைத்துவிடுவாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லையே என்பார் அவர். “ஒங்க நெஞ்சுதான் முன்னாடியே பேசிருச்சே” என்பாள் நஸீரா, தலை நிமிராமல்.

அந்தக் கட்டடம் இரண்டு உலகத்துக்கு நடுவில் நின்றது. கிழக்கே கடற்கரைத் தெருக்கள், முஸ்லிம் வீடுகள். மேற்கே மிளகாயும் நெல்லும் போடுகிற ஊர்கள். வராந்தா ஒன்று, வரிசை ஒன்று, பெஞ்சும் ஒன்றுதான். ஆனாலும் மேற்கேயிருந்து வந்தவர்கள் பெஞ்சின் ஒரு கோடியிலும் கிழக்கேயிருந்து வந்தவர்கள் மறு கோடியிலும் உட்காருவார்கள். யாரும் சொல்லி வைத்ததில்லை. நடுவில் ஒரு ஆள் உட்காரலாம் போல இடம் காலியாகக் கிடக்கும்.

அப்போது டாக்டர்கள் இரண்டு பேர். ஒருவர் முத்துகிருஷ்ணன், திருவாடானைப் பக்கத்து நிலக்கார வீட்டுப் பிள்ளை. கைராசிக்காரர் என்று பேர். இன்னொருவர் அம்ரீன். அம்ரீன் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் அவர் அறையில் மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. மேற்கேயிருந்து வருகிறவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு, நம்ம டாக்டர் வந்துவிட்டாரா என்று கேட்டு, முத்துகிருஷ்ணன் வாசலில் போய் நிற்பார்கள். அந்தப் பிள்ளை சின்னப் பிள்ளையாயிற்றே என்று சிலர் நாசூக்காகச் சொன்னார்கள். ராமலெட்சுமி என்ற மிளகாய்க்காட்டுக்காரம்மா நாசூக்கெல்லாம் பார்க்கவில்லை.

“பாய் வீட்டு டாக்டரு பாய் வீட்டு ஆளுகளத்தேன் நல்லாப் பாக்கும். அது இயற்கதான.”

வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்பதுபோலத்தான் அவள் சொன்னாள். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே அம்ரீன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நஸீரா ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

கடற்கரைத் தெருப் பெண்களும் பழக்கதோஷத்தில் முத்துகிருஷ்ணனிடமே போய், அவர் முகத்தைப் பார்த்ததும் பாதி நோயை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மதியம் அம்ரீன் ஜன்னலுக்கு வந்தார். அன்றைக்கு அவர் பார்த்தது பதினோரு பேர். பக்கத்து அறையில் நூற்று முப்பது.

“நம்ம தெருப் பொம்பளைக அங்கன நிக்கிறாக. நான் இங்கன ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். பொம்பள டாக்டர் வேணும்னு கேக்குறவுக சீட்டு ஓரத்துல ஒரு புள்ளி வைங்க லாத்தா. நேரா என் ரூமுக்கு அனுப்பிரலாம்.”

சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்த பச்சைப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். பச்சை மையில் எழுதுவது அதிகாரிகள் மட்டும். நஸீரா அந்தப் பேனாவை வலது கையால் வாங்கினாள், பிஸ்மி சொல்லி முதல் புள்ளியை வைத்தாள்.

முதல் வாரம் ஒவ்வொருத்தியிடமும் கேட்டுத்தான் வைத்தாள். நூறு பேர் நிற்கிற வரிசையில் எத்தனை நாள் கேட்க முடியும்? இரண்டாவது வாரம் ஆளைப் பார்த்து வைத்தாள். ஒரு மாதம் போனதும் தெருப் பேரை எழுதும்போதே கை தானாக ஓரத்துக்குப் போய்விடும். பெண்களுக்கும் அது பிடித்திருந்தது. இத்தனை காலம் கழித்து நமக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டாளே நஸீரா என்று ஒருத்தி சொல்ல, பெஞ்சின் கிழக்குக் கோடி குலுங்கிச் சிரித்தது. அம்ரீனின் அறை நிறைந்தது. வருஷக்கணக்கில் வெளியே சொல்லாத வெள்ளைப்படுதலும் கர்ப்பப்பை அடியிறக்கமும் அந்த அறையில் பேச்சுக்கு வந்தன. தன் கையால் ஒரு நல்ல காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்று நஸீரா நம்பினாள். அது உண்மையும்கூட.

ஒரே ஒரு தடவைதான் பிசகு வந்தது. அம்ரீன் விடுப்பில் இருந்த நாளில் புள்ளி வைத்த ஒருத்தியை முத்துகிருஷ்ணன் பார்த்தார். முதுகில், சேலைக்கு மேலே, ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், அவ்வளவுதான். அவள் கணவன் காஜா நவாஸ், டாக்ஸி ஓட்டுகிறவன், அரை மணி நேரத்தில் வந்து வராந்தாவில் நின்று கத்தினான். எங்க பொம்பளைகளைத் தொட இவர் யார் என்று கேட்டான். அவன் மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, நான்தான்யா மூச்சு முட்டுதுன்னு போனேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. முத்துகிருஷ்ணன் முகம் சிவக்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்ரீன் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. பச்சைப் புள்ளிச் சீட்டுகள் நர்ஸ் நாகஜோதியின் மேஜைக்குப் போகத் தொடங்கின. பிரஷர் பார்ப்பாள், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பாள், போன மாத மாத்திரையையே இந்த மாதமும் எழுதுவாள். பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். முத்துகிருஷ்ணன் வாசலில் இரண்டு மணி நேரம் நின்ற மேற்கத்திப் பெண்கள் முணுமுணுத்தார்கள். பாய் வீட்டு ஆட்களுக்குத் தனி வழி, நமக்கு வெயிலா என்று ராமலெட்சுமி கேட்டே விட்டாள். நஸீராவுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று டாக்டரம்மா சொன்னது இதைத்தான் என்று எண்ணிக்கொண்டாள்.

நஸீராவின் அக்காள் ருக்ஸானாவுக்கு நாற்பத்தெட்டு வயது. கணவன் இல்லை. வீட்டில் ஒரு தையல் மெஷின், தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பாள். அளவு எடுக்கும்போது அவள் பேச்சில் கடை பரப்பாத சங்கதி கிடையாது. தன் உடம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டாள். 2022 டிசம்பரிலிருந்து மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என்ன செய்கிறது என்று ஜன்னலில் கேட்டால் கைவலி என்பாள். நஸீரா சீட்டுக் கிழித்து, ஓரத்தில் புள்ளி வைத்து, அக்காளைக் காக்கவைக்காமல் அனுப்பிவிடுவாள்.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ருக்ஸானா இடது கையைக் கொடிக்கு மேலே தூக்க முடியாமல் பாதியில் நிறுத்தினாள். நஸீரா ஈரத்துணியைப் போட்டுவிட்டுக் கிட்டே வந்தாள். எங்கே வலி என்று கேட்டாள். ருக்ஸானா தங்கச்சியின் விரலைப் பிடித்துத் தன் மார்பின் ஓரத்தில் வைத்தாள். உள்ளே எலுமிச்சங்காய் அளவுக்கு ஒன்று, அசையாமல் இருந்தது.

“மொதல்ல புளியங்கொட்ட மாதிரிதான் இருந்துச்சு” என்றாள் ருக்ஸானா.

“யார்ட்டயாச்சும் சொன்னியா?”

“ஆறு மாசமாச் சொல்றேனே. லேடி டாக்டர் வரட்டும், வரட்டுங்கிறா நர்ஸு.”

“ஆம்பள டாக்டர்ட்ட காட்டமாட்டேன்னு நீ சொன்னியா லாத்தா?”

“நா எங்க சொன்னேன்? எம் மூத்தவன வயித்தக் கிழிச்சு எடுத்ததே ஆம்பள டாக்டருதான். அப்ப செத்தா போனேன்?”

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நஸீரா கேட்டாள். உன் ஜன்னலில் வைத்து, பின்னால் இருபது பேர் நிற்க, மாரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று ருக்ஸானா திருப்பிக் கேட்டாள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன் என்றாள்.

அன்று மத்தியானமே நஸீரா அம்ரீனுக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினாள். இரண்டு நிமிஷம் பேசினாள். கட்டி இருக்கும் இடத்தைச் சொன்னாள், அளவைச் சொன்னாள், எங்கே கொண்டு போகட்டும், யாரைப் பார்க்கட்டும், ஒரு வார்த்தை சொல்லுங்கள் டாக்டரம்மா என்று முடித்தாள். நாம் பேசியதை மறுபக்கம் கேட்டுவிட்டால் அந்தச் சின்ன மைக் படம் நீலமாக மாறும். சாயங்காலம் அது நீலமானது. நஸீரா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். சோறு வடிக்கும்போதும், தொழுகைப் பாயை மடிக்கும்போதும் பார்த்தாள். திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. பதில் வரவில்லை.

புதன்கிழமை காலை, தடுப்பூசிக் கூட்டத்தை நாகஜோதியிடம் விட்டுவிட்டு, அக்காளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு முத்துகிருஷ்ணன் அறைக்குள் போனாள். அவர் முதலில் பார்த்தது ருக்ஸானாவின் முகத்தை அல்ல, அவள் கையிலிருந்த மே மாதச் சீட்டின் ஓரத்தை. உடனே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“லேடி டாக்டர் வந்ததும் பாத்துக்கலாம்மா. ஒங்களுக்குச் சங்கடம் வேணாம்.”

“எங்களுக்கு ஒரு சங்கடமும் இல்ல சார். எங்க அக்காவ நீங்க பாக்கணும்.”

அவருக்குப் புரியவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தார். ஆங்கிலத்தில் டைப் அடித்து, கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தது. அந்தக் கையெழுத்து நஸீராவுக்குத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவர் வரிவரியாகத் தமிழில் சொன்னார். கடற்கரைத் தெருக்களின் முஸ்லிம் பெண்கள் ஆண் மருத்துவரின் பரிசோதனைக்குச் சம்மதிப்பதில்லை. அவர்களுடைய சீட்டில் பச்சைப் புள்ளி இருக்கும். அவர்களை வற்புறுத்த வேண்டாம். பெண் மருத்துவர் வரும்வரை பழைய மருந்தைத் தொடரலாம். இது சீட்டுப் பணியாளர் நஸீரா மூலம் அந்தப் பெண்களிடம் விசாரித்து உறுதி செய்யப்பட்டது.

“எம் பேரா போட்டுருக்கு?”

“ஆமா. நீங்க விசாரிச்சுச் சொன்னதா.”

நஸீரா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்ரீன் அவளிடம் எதையும் விசாரிக்கச் சொன்னதில்லை. அவளும் யாரிடமும் விசாரித்ததில்லை. பெண் டாக்டர் இருந்தால் நல்லது என்று பெண்கள் சொன்னார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்று ஒருத்தி சொல்லி அவள் கேட்டதில்லை. ஒருநாள் காஜா நவாஸ் போட்ட சத்தம் எப்போது அத்தனை பெண்களின் வார்த்தையானது? தன் கை வைத்த புள்ளிகள் அதற்கு எப்படிச் சாட்சியாயின? பையில் இருந்த பேனா பாரமாகக் கனத்தது.

“நீங்க ஒரு வார்த்த எங்கள்ட்ட கேட்டுருக்கலாமே சார்” என்றாள் கடைசியில்.

முத்துகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். “கேட்டா அதுவே தப்பாயிருமோன்னு பயந்துட்டேன்மா. ஒங்க ஆளு, ஒங்க டாக்டர், அவங்களே எழுதிக் குடுத்துருக்காங்க. நான் என்னத்தக் கேக்க?”

நாகஜோதியைக் கூப்பிட்டுத் திரைச்சீலையை இழுக்கச் சொன்னார். பரிசோதனை இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து கை கழுவியவர், குழாயை மூட மறந்து அப்படியே நின்றார். ராமநாதபுரத்துக்குக் கடிதம் எழுதினார். தானே போன் போட்டு, இன்றைக்கே பார்க்க வேண்டும் என்று அங்கே சொன்னார். மேஜையில் ஆறு மாதச் சீட்டுகளின் நகலைப் புரட்டிய நாகஜோதி, எல்லாவற்றிலும் தன் கையெழுத்து இருப்பதைப் பார்த்து அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். காரை ஓட்டிக்கொண்டு போனது காஜா நவாஸ்தான்.  வைகைப் பாலத்துக்கு அப்பால், அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னான்.

மதுரையில் பெரிய டாக்டர் எல்லாத் தாள்களையும் படித்துவிட்டு, கொஞ்சம் கோபமாகவே பேசினார். கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது, கிராமத்துப் பெண்கள் வெட்கப்பட்டே உயிரை விடுகிறீர்கள் என்றார். ருக்ஸானா தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். துணி வெட்டுகிறவளின் கை. எதையும் மடிப்புக் குலையாமல் வைத்திருப்பாள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே என்று ஆறு சீட்டுகளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். ஆறின் ஓரத்திலும் பச்சைப் புள்ளி.

“வந்தேன் சார்” என்றாள். “ஆறு தடவ வந்தேன்.”

நஸீரா கதவோரம் நின்றிருந்தாள். ஆறு புள்ளியும் அவள் வைத்தவை. அக்காள் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போயிற்று, பிறகு கொஞ்சம் முளைத்தது. நஸீரா அந்த ஜூன் மாதத்திலிருந்து புள்ளி வைப்பதை நிறுத்தினாள். பழையபடி ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள்: இன்றைக்கு ஆண் டாக்டர்தான் இருக்கிறார், பார்க்கிறீர்களா? பெரும்பாலானவர்கள் பார்ப்பதாகச் சொன்னார்கள். சிலர் வரிசை நீண்டுபோனதற்கு அவளைத் திட்டினார்கள். அக்காளுக்கு வந்ததும் எங்கள் சலுகையைப் பறித்துவிட்டாயே என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். இரண்டு பேர் மாட்டேன் என்று சொல்லி வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுக்கு நஸீரா வெள்ளிக்கிழமை தோறும் போய் வற்புறுத்திப் பார்த்தாள். ஒருத்தி கதவைத் திறந்தாள். மற்றவள் திறக்கவில்லை.

தப்பை யார் தலையில் வைப்பது என்று அவள் பெருக்கும்போதும் சீட்டுக் கிழிக்கும்போதும் யோசித்தாள். முத்துகிருஷ்ணன் மாதம் ஒரு தடவை ருக்ஸானா வீட்டுக்கே வந்து பார்த்தார். நாகஜோதி பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். காஜா நவாஸ் மதுரைக்குப் போன ஒவ்வொரு நடைக்கும் வண்டியோடு வந்தான். ராமலெட்சுமிகூட ஒரு தூக்கு வாளி நிறைய நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து வைத்துவிட்டு, டாக்டரு பிள்ளையப் பத்தி நான் ஒரு நாள் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்மா என்றாள். அவள் சொன்னதைவிட அம்ரீன் செய்ததுதான் நஸீராவுக்கு வலித்தது. அடுத்தவன் தள்ளி நிறுத்தினால் அது நமக்குப் பழகிப்போனதுதான். ஆனால் இது, நம்ம பொம்பளைகள் என்று சொன்ன வாய். அந்த வாயிடமிருந்து மட்டும் ஒரு சொல் வரவில்லை. முதலில் தினமும் போனைப் பார்த்தாள். பிறகு வாரம் ஒரு தடவை. பிறகு பார்ப்பதை விட்டாள். இழுப்பறையில் கிடந்த பச்சைப் பேனாவில் மை உறைந்துபோயிற்று.

2025 பிப்ரவரியில் ருக்ஸானாவுக்கு முதுகெலும்பில் வலி ஆரம்பித்தது. மறுபடி படம் எடுக்க மதுரையில் தேதி கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு, நஸீரா அக்காளின் கால்மாட்டில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மதுரைக்கு எடுத்துப் போக வேண்டிய பிளாஸ்டிக் உறை, அந்த ஆறு சீட்டுகளோடு, தையல் மெஷின் மேல் தயாராக இருந்தது. போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். முகம் மாறியதைப் பார்த்த ருக்ஸானா, யார் என்று கேட்டாள். டாக்டரம்மா என்றாள் நஸீரா. சத்தமாகப் படி என்றாள் ருக்ஸானா. நஸீரா படித்தாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா. நல்லா இருக்கீங்களா? ரொம்ப நாளாச்சு, மன்னிச்சுக்கோங்க, இங்க மூச்சு விட நேரமில்ல. ருக்ஸானா லாத்தா பத்தி ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தீங்க, அப்ப கேக்க முடியாமப் போச்சு, இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. சரியாயிருக்கும்னு நினைக்கிறேன், துஆ செய்றேன். ஒரு நல்ல செய்தி லாத்தா. இங்க எங்க கிளினிக்குக்கு வர்ற ஆசியப் பொம்பளைக டாக்டர்கிட்ட சரியா நோயச் சொல்றதில்ல, வெள்ளக்காரங்களவிட அவங்களுக்கு லேட்டாத்தான் எல்லாம் கண்டுபிடிக்கிறாங்கன்னு ஒரு ஆய்வு நடக்குது. நம்ம பச்சைப் புள்ளி முறையப் பத்தி நான் பேசினேன். எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு, அடுத்த மாசம் பெரிய கூட்டத்துல பேசச் சொல்லியிருக்காங்க. உங்க பேரையும் சொல்லுவேன். ஒரே ஒரு உதவி. பழைய சீட்டு ஏதாச்சும் இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க லாத்தா. நோயாளி பேரு மறைஞ்சாலும் பரவாயில்ல. புள்ளி மட்டும் நல்லாத் தெரியணும்.”